வண்டிக்கு ரோலரால் பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்ரசர் இல்லை, ஸ்பிரே துப்பாக்கி இல்லை, பெயிண்ட் பூத் இல்லை. ஒரு சின்ன ஃபோம் ரோலர், ஒரு நல்ல பிரஷ், எனாமல் டப்பா, ஒரு கட்டு வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). இவற்றை வைத்து வீட்டிலேயே வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இதில் இறங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ரோலரால் அடித்தால் வண்டி பார்க்கிற மாதிரி இருக்குமா?

இருக்கும். ஆனால் அந்த அழகு ரோலரிலிருந்து வருவதில்லை, தேய்ப்பதிலிருந்து வருகிறது. ரோலர் எங்கே உருண்டாலும் பெயிண்டில் நுண்ணிய மேடுபள்ளம் விட்டுத்தான் போகும். பெயிண்டை நன்றாக நீர்க்க வைத்து மெல்லிய கோட்டாக அடித்தால் அதில் பெரும்பகுதி தானாகவே படிந்துவிடும். மீதியை வாட்டர் பேப்பரும், தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டும் எடுத்துவிடும்.

ஸ்பிரேயில் ஒரு நாளில் முடிவது இதில் வாரக்கணக்கில் இழுக்கும். கருவிக்குப் போக வேண்டிய பணத்தை உங்கள் உழைப்பாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அவசரமாக அடித்த ரோலர் பெயிண்ட் பத்தடி தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த குறுக்குவழியா?

இல்லை. மோட்டார் வண்டிகளின் ஆரம்ப காலத்தில் பிரஷ்தான் முக்கியமான கருவி. வார்னிஷ் கலந்த பெயிண்டைக் கோட் கோட்டாக அடித்து, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து, இடையிடையே தேய்த்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு நிறுவனம் மாடல் டி கார்களை 1914 முதல் 1925 வரை கருப்பில் மட்டுமே விற்றது. அதன் பாகங்கள் பலவற்றைப் பெயிண்டில் முக்கியும், மேலே ஊற்றியுமே நிறம் ஏற்றினார்கள். டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற வேகமாகக் காயும் லேக்கர் 1923-24இல் ஓக்லண்ட் கார்களில் வந்த பிறகுதான் ஸ்பிரே தொழிற்சாலைகளைப் பிடித்துக்கொண்டது. வேகமாகக் காயும் பெயிண்டை பிரஷ்ஷால் அடிப்பது கடினம் என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

படகுக்காரர்கள் இந்த வழியை இன்றும் விடவில்லை. ரோலரால் தடவி, உடனே பிரஷ் நுனியால் லேசாக இழுத்துச் சமன் செய்கிறார்கள். நாம் செய்யப்போவதும் பெரும்பாலும் அதேதான்.

எந்த வண்டிக்கு ஒத்துவரும்?

பழைய கார், ஜீப், வேன், சரக்கு வண்டி, டிராக்டர், டிரெய்லர் என்று உழைக்கிற வண்டிகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். தட்டையான பரப்பும் ஒரே நிறமும் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கம்பெனி பெயிண்ட் நல்ல நிலையில் இருக்கும் புது வண்டி, விரைவில் விற்கப்போகிற வண்டி, அபூர்வமான பழைய மாடல் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள்.

மெட்டாலிக் நிறம் அடிக்கலாமா?

கூடாது. மெட்டாலிக் பெயிண்டில் மிக நுண்ணிய அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. அவை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்தால்தான் ஒளி ஒரே மாதிரி திரும்பும். ரோலர் அவற்றைக் கண்டபடி புரட்டி, திட்டுத்திட்டாக ஆக்கிவிடும். அதைத் தேய்த்தும் சரிசெய்ய முடியாது. முத்துப் போல மின்னும் பேர்ல் நிறங்களுக்கும் இதே கதைதான். வெள்ளை, கிரீம், சாம்பல், பச்சை, நீலம், சிவப்பு போன்ற சாதா நிறங்களோடு நில்லுங்கள். கருப்பு அடிக்கலாம், ஆனால் சின்னக் குறையைக்கூட அது மறைக்காது. முதல் முறை என்றால் வெளிர் நிறமே நல்லது.

எந்தப் பெயிண்ட் வாங்குவது?

இரும்புக்கு அடிக்கும் எண்ணெய் வகை சிந்தெடிக் எனாமல்தான் இந்த வேலைக்கு அடிப்படை. டிராக்டருக்கும் இயந்திரங்களுக்கும் என்று வரும் எனாமலும் இதே குடும்பம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், படகுகளுக்கான ஒற்றை டப்பா பாலியூரித்தேன் எனாமல் இன்னும் நன்றாகச் சமன்படும், பளபளப்பும் அதிக நாள் நிற்கும். வெளிநாடுகளில் இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது ரஸ்ட்-ஓலியம் போன்ற துருத் தடுப்பு எனாமல்கள். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கப்பல் தலைவர், துருப்பிடித்த தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு பரவாமல் நிற்பதைக் கவனித்து, அதை வைத்துப் பெயிண்ட் செய்து 1921இல் தொடங்கிய நிறுவனம் அது.

எனாமல் எப்படிக் காய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் வராது. முதலில் தின்னர் ஆவியாகும். அது சில மணி நேர வேலை. அதன் பிறகு பெயிண்டில் உள்ள எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். இதற்கு வாரங்கள் ஆகும். கனமாக அடித்தால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளே காற்று போகாமல் அடைத்துவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நகம் வைத்தால் பதியும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் ரோலருக்கு ஆகாது. சமன்படுவதற்கு முன்பே காய்ந்துவிடும், அடுத்த கோட் கீழ்க் கோட்டைக் கரைத்து இழுக்கும். சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள்.

இறுக வைக்கும் கேட்டலிஸ்டைத் தனியாகக் கலக்கும் 2கே (இரண்டு பாகப்) பெயிண்டை ரோலரால் அடிக்கலாமே?

பிரைமர் (மேல் பெயிண்டுக்கு முன் போடும் அடிக்கோட்) என்றால் அடிக்கலாம். சின்ன ரிப்பேர்களுக்குப் பிரைமரை ரோலரால் போடும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. மேல் கோட்டுக்கு வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. 2கே யூரித்தேனின் கேட்டலிஸ்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் மூச்சிரைப்பு வரும், ஆஸ்துமாவாக நிலைத்துவிடவும் கூடும். ரோலரில் பனிமூட்டம் போல் தூவாது என்பதால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. எனாமல் சீக்கிரம் இறுக வேண்டும் என்று தனியாக விற்கும் கேட்டலிஸ்டைச் சேர்ப்பவர்கள் கவனிக்கவும்: அவற்றில் பலவும் இதே ஐசோசயனேட்தான்.

தின்னர் எவ்வளவு கலப்பது?

முதலில் எந்தத் தின்னர் என்பதைப் பார்ப்போம். எனாமலுக்கு மினரல் டர்பன்டைன்தான். டப்பாவில் வேறு சொல்லியிருந்தால் அதன்படி. வேகமாக ஆவியாகும் என்.சி. தின்னரை ஊற்றினால் ரோலர் தடம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அளவுக்கு ஒரே விடை கிடையாது. பிராண்டுக்கு பிராண்ட் கெட்டித்தன்மை மாறும், வெயிலுக்கும் குளிருக்கும் மாறும். பத்தில் ஒரு பங்கில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சில பெயிண்டுகள் மூன்றில் ஒரு பங்கு வரைகூட வாங்கிக்கொள்ளும். குச்சியை முக்கித் தூக்கினால் கட்டியாக விழாமல், காய்ச்சாத பால் மாதிரி ஓட வேண்டும்.

அப்புறம் வண்டியில் போகாதீர்கள். ஒரு பழைய கண்ணாடியையோ தகரத்தையோ செங்குத்தாக நிறுத்தி அதில் ஒரு பட்டை அடித்துப் பாருங்கள். குமிழிகள் ஒரு நிமிடத்துக்குள் உடைந்து, தடம் மறைந்து, பெயிண்ட் வழியாமல் நின்றால் கலவை சரி. தடம் நின்றால் இன்னும் கொஞ்சம் டர்பன்டைன். கண்ணீராக வழிந்தால் பெயிண்ட் சேருங்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகுகிறது என்றால், ஓவட்ரால் மாதிரி எண்ணெய் வகைச் சேர்மானம் கொஞ்சம் விட்டால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். கலவை கிடைத்ததும் அளவைக் குறித்து வையுங்கள். கலந்த பெயிண்டை வடிகட்டாமல் பயன்படுத்தவே கூடாது.

எந்த ரோலர்?

நான்கு அங்குல, நெருக்கமான ஃபோம் ரோலர். முனை உருண்டையாக இருந்தால் ஓரத்தில் கோடு விழாது. சுவருக்கு அடிக்கும் முடி ரோலர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. மலிவான ஃபோம் சில, தின்னரில் ஊறியதும் உப்பிப் பிய்ந்து துகள்களைப் பெயிண்டில் விடும். அதனால் ஒன்றை மட்டும் முதலில் டர்பன்டைனில் ஓரிரவு ஊறவைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் புது ரோலர் எடுப்பது வீண் செலவு அல்ல.

பழைய பெயிண்டை முழுவதும் எடுக்க வேண்டுமா?

பிடிப்போடு இருக்கிற பழைய பெயிண்டை எடுக்கக் கூடாது. அதைவிட நல்ல அடித்தளம் வீட்டில் போட முடியாது. உரிகிற, வெடித்த, கொப்பளித்த இடங்களை மட்டும் உறுதியான பெயிண்ட் வரும்வரை எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். படி தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படி, பளபளப்பு ஏறியதும் கோடாகத் தெரியும். நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் உரிய ஆரம்பித்திருந்தால் தளர்ந்தது எல்லாமே போயாக வேண்டும்.

தேய்ப்பதற்கு முன்பே கழுவிவிடுங்கள், இது முக்கியம். மேலே மெழுகு, சிலிக்கான் பாலிஷ் இருக்கும்போது தேய்த்தால் அதைக் கீறலுக்குள் அழுத்திவிடுவீர்கள். சோப்பு நீர், பிறகு மெழுகும் கிரீஸும் எடுக்கும் திரவம், அதன் பிறகுதான் பேப்பர். 320 எண் பேப்பரில் தேய்த்து 400இல் முடித்தால் போதும் (எண் கூடக் கூடப் பேப்பர் நைசாகும்). பளபளப்பு எங்கும் மிச்சம் இருக்கக் கூடாது. பழங்கால வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

கீழே இருப்பது என்ன பெயிண்ட் என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் உங்கள் பெயிண்டைச் சிறிது அடித்து ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். சுருங்கினால் இடையில் ஒரு தடுப்புப் பிரைமர் தேவை.

துரு, ஒடுக்கு, பட்டி, பிரைமர்?

துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுங்கள். குழிக்குள் போக முடியாத துருவுக்கு மட்டும் துரு மாற்றும் திரவம். ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து அடைப்பதில் பயனில்லை, பின்னாலிருந்து ஈரம் வந்து தள்ளிவிடும். தகரம் வெட்டி வெல்டிங் செய்வதுதான் வழி. ஒடுக்கை நிரப்பும் பட்டியை உலர்வாகத் தேயுங்கள். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அடியில் துரு கிளம்பும்.

வெறும் இரும்பு தெரிகிற இடமெல்லாம் எபாக்ஸி பிரைமரோ ஜிங்க் பாஸ்பேட் பிரைமரோ போட வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: இப்போதைய கார்களின் தகரத்தில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. எண்ணெய் எனாமலை நேரடியாகத் துத்தநாகத்தின் மேல் அடித்தால், இரண்டும் வினைபுரிந்து அடியில் சோப்பு போன்ற ஒரு படலம் உருவாகும். சில மாதங்களில் பெயிண்ட் தாளாக உரியும். இந்த இடங்களுக்கு எபாக்ஸி பிரைமர் கட்டாயம். அலுமினியத்துக்கும் அதற்கேற்ற பிரைமர் வேண்டும்.

சரி, எப்படித்தான் அடிப்பது?

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். கைப்பிடி, பீடிங், கண்ணாடி எல்லாம் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், மாஸ்கிங் டேப்பைவிட அது எப்போதும் நல்லது. தூசி ஒட்டும் துணியால் துடையுங்கள். ஓரங்களையும் இடுக்குகளையும் முதலில் பிரஷ்ஷால் முடித்துவிடுங்கள்.

ரோலரைத் தட்டில் உருட்டி, அதிகப் பெயிண்டை மேட்டில் பிழிந்துவிடுங்கள். சொட்டினால் அது கூடுதல். கதவின் ஒரு ஓரத்திலிருந்து ஓரடி அகலப் பட்டையாக, மேலிருந்து கீழ், பிறகு குறுக்கே, அழுத்தாமல் பரப்புங்கள். கடைசியாக ரோலரின் எடையை மட்டும் வைத்து மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஓர் இழுப்பு. குமிழி நின்றால் உலர்ந்த நல்ல பிரஷ்ஷின் நுனியால், பட்டும் படாமலும், அதே திசையில் ஒரு முறை. அடுத்த பட்டையை முதல் பட்டையின் ஈர ஓரத்துக்குள் கொஞ்சம் நுழைத்துத் தொடங்குங்கள். ஓரம் காய்ந்தபின் சேர்த்தால் அந்த இணைப்பு கோடாக நிற்கும். அதனால்தான் கதவு, பானட், மட்கார்டு என்று ஒவ்வொரு பாகமாக முடிக்க வேண்டும். பாதியில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

திரும்பிப் பார்க்கும்போது ஒரு தூசியோ தடமோ கண்ணில் படும். கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்த பெயிண்டில் ரோலர் வைத்தால் இருந்ததைவிட மோசமாகும். அது தேய்க்கும்போது போய்விடும்.

முதல் கோட்டைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அடியில் இருப்பதெல்லாம் தெரியும், திட்டுத்திட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் கோட்டிலேயே நிறம் மூடிவிட்டது என்றால் கனமாக அடித்துவிட்டீர்கள்.

எத்தனை கோட்?

வெளிர் நிறங்களுக்கு நாலைந்து, மூடும் திறன் குறைந்த சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இன்னும் கூட. கடைசியில் தேய்த்து எடுக்கவும் பெயிண்ட் இருக்க வேண்டும் அல்லவா? தொழிற்சாலைப் பெயிண்டின் எல்லா அடுக்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதனால் கனம் கூட்டுவது நோக்கமல்ல.

கோட்டுக்குக் கோட் இடைவெளியை டப்பாவில் போட்டிருக்கிறபடி வையுங்கள். பல எனாமல்களில் முதல் சில மணி நேரத்துக்குள் அடிக்கலாம், அல்லது ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அடிக்கலாம், நடுவில் அடித்தால் கீழ்க் கோட் சுருங்கி மடியும். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை 600 அல்லது 800 வாட்டர் பேப்பரை மரக்கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ சுற்றி லேசாகத் தேயுங்கள். பேப்பரில் பெயிண்ட் பிசினாக ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று பொருள், இன்னொரு நாள் விடுங்கள்.

குமிழி, வழிசல், மீன்கண் வருகிறதே?

குமிழி உடையாமல் நின்றால் கலவை கெட்டி, அல்லது ரோலரை வேகமாக ஓட்டுகிறீர்கள். வழிசலுக்கு ரோலரில் பெயிண்ட் அதிகம். ஈரமாக இருக்கும்போதே பார்த்தால் ரோலரால் இழுத்துவிடலாம், இறுகத் தொடங்கியிருந்தால் முழுதாகக் காயவிட்டுத் தேயுங்கள். பெயிண்ட் வட்டமாக விலகிக் குழி விழுவதுதான் மீன்கண். எண்ணெயோ சிலிக்கானோ மிச்சம் இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்து மூட முயன்றால் மறுபடி அதே இடத்தில் வரும், துடைத்துவிட்டுச் சுத்தம் செய்வதே வழி.

எங்கே, எந்த நேரத்தில் அடிப்பது?

நேர் வெயிலில் வேண்டாம். தகரம் சூடாக இருந்தால் பெயிண்ட் சமன்பட நேரமே கிடைக்காது. 15 முதல் 30 டிகிரிக்குள், காற்று வீசாத, நிழலான இடம் நல்லது. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் உள்ள நாளில் டப்பாவைத் திறக்காதீர்கள். மாலையில் அடித்தால் இரவுப் பனி படிந்து பளபளப்பை மங்கச் செய்யும், அதனால் காலை வேளையே சரி. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது.

முகமூடி தேவையா?

தேய்க்கும்போது என்95 போதும். பெயிண்ட் அடிக்கும்போது அது உதவாது, ஏனெனில் ஆவியை அது தடுக்காது. மூடிய இடத்தில் அடிக்கிறீர்கள் என்றால் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும், கதவு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருக்கக் கூடாது.

இன்னொன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல், நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பாலிஷ் எப்போது?

மூன்று நான்கு வாரமாவது கழித்து. கட்டையில் சுற்றி 1000, பிறகு 1500, பிறகு 2000 என்று சோப்பு நீர் விட்டுத் தேயுங்கள். அவ்வப்போது துடைத்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கல் பரப்பில் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அவை பள்ளங்கள், அவை மறையும்வரை தேய்க்க வேண்டும். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு. அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் பிரைமர் எட்டிப் பார்க்காது. பிறகு ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ்.

மேட் ஃபினிஷ் சுலபமா?

குறையை மறைப்பதில் சுலபம், ஆனால் திருத்த முடியாது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். கடைசிக் கோட் எப்படி விழுகிறதோ அப்படியேதான் நிற்கும்.

பிளாஸ்டிக் பம்பருக்கும் பைக் டேங்குக்கும்?

பம்பருக்குப் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் பெயிண்ட் பிடிக்காது. பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சார் உள்ள வண்டிகளில் கூடுதல் கனம் அதன் அலையைத் தடுக்கலாம், அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். பைக் டேங்கில் சாதா எனாமல் வேண்டாம். பெட்ரோல் சிந்தினால் மென்மையாகி உரியும். டேங்கை மட்டும் கடையில் கொடுத்து 2கே அடித்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு பெயிண்ட் தேவைப்படும்?

ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ஒவ்வொரு பாகத்தின் நீள அகலத்தை அளந்து கூட்டி, கோட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஸ்பிரேயில் கணிசமான பகுதி காற்றில் போய்விடும், ரோலரில் கிட்டத்தட்ட எல்லாமே வண்டியில் ஏறும். எல்லா டப்பாவையும் ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, ஒன்றாக ஊற்றிக் கலந்துகொண்டால் நிறம் மாறாது.

நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றில் சொல்ல வேண்டுமா?

பல நாடுகளில் வண்டியின் நிறமும் பதிவின் ஒரு பகுதி. அடிப்பதற்கு முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எத்தனை வருடம் தாங்கும்? கீறல் விழுந்தால்?

அடித்தளம் சரியாக இருந்தால் பெயிண்ட் வருடக்கணக்கில் உரியாது. ஆனால் எனாமல் வெயிலில் 2கே அளவுக்கு நிற்காது, முதலில் பளபளப்பு மங்கும். முதல் மாதம் கடுமையான சோப்பும் பிரஷர் வாஷும் வேண்டாம். அதன் பிறகு மெழுகு தவறாமல் போட்டு வந்தால் மங்குவது தள்ளிப்போகும். மங்கினாலும் காம்பவுண்ட் போட்டு ஓரிரு முறை மீட்கலாம்.

கீறல் விஷயத்தில் இந்த முறைக்கு ஈடில்லை. மிச்சப் பெயிண்டைச் சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடி வையுங்கள், காற்று இல்லாவிட்டால் தோல் படியாது. கீறல் விழுந்த பாகத்தைத் தேய்த்து, அதே பெயிண்டை அதே ரோலரால் அந்தப் பாகம் முழுவதும் அடித்து, பாலிஷ் போட்டால் ஒட்டுப் போட்டது தெரியாது. பழைய பகுதி வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தால் முதலில் அதற்குக் காம்பவுண்ட் போட்டுவிட்டு நிறத்தை ஒப்பிடுங்கள்.